செங்கல் குவிமாட விறகு அடுப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தின் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் வட்டாரங்களில் வீட்டுப் புறவாசலில் விறகு அடுப்பு கட்ட விரும்புவோர் என்னிடம் ஒரே ஐயங்களைத் திரும்பத் திரும்பக் கேட்பதால், கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கீழே வரும் அளவுகள் அனைத்தும் உள்விட்டம் 90 சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ 3 அடி உள்ள அரைக்கோள அடுப்புக்கு உரியவை. ஒரு குடும்பத்துக்கும் அவ்வப்போது வரும் விருந்தினருக்கும் இந்த அளவு தாராளமாகப் போதும். இதைவிடப் பெரிதாகக் கட்டியவர்கள் பெரும்பாலும் விறகுச் செலவைப் பார்த்து அடுப்பை மூட்டுவதையே குறைத்துவிடுகிறார்கள்.

எதுக்கு அரைக்கோளம்? பேக்கரிக்காரங்க போர்மா மாதிரி நீளமாக் கட்டினா ஆகாதா?

கட்டலாம், ஆனால் அதன் பயன் வேறு. கேரளத்துப் பேக்கரிக்காரர்கள் போர்மா என்று சொல்லும் அடுப்பு, தினமும் தட்டுத் தட்டாக பன்னும் ரொட்டியும் வேக வைப்பதற்காக அமைந்த பெரிய அறை. அதனுள் விறகை எரித்துக் கனலை வெளியே இழுத்துவிட்டு, சுவர்களில் தேங்கிய சூட்டில் பண்டங்களை வேக வைக்கிறார்கள். வாரத்துக்கு ஒருமுறை மூட்டும் வீட்டுக்கு அவ்வளவு கனமான சுவரைச் சூடேற்றுவதே வீண்.

அரைக்கோளத்தில் ஓர் ஓரத்தில் எரியும் தீயின் சுவாலை உட்கூரையைத் தழுவி மறுபக்கம் வரை வளைந்து செல்வதால், குறைந்த விறகில் எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு சூடாகி, அந்தச் சூடு தரையை நோக்கித் திரும்பி வீசுகிறது. மேலும், நீள வளைவுக் கூரை இரு பக்கச் சுவர்களையும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும் என்பதால் அதற்கு இரும்புக் கட்டோ பருத்த முட்டுச் சுவரோ தேவைப்படும். குவிமாடத்தில் அந்தத் தள்ளுதல் வட்டம் முழுவதும் பகிர்ந்துவிடுவதால் சிறிய அளவில் கட்டுவது எளிது.

ஆரல்வாய்மொழிப் பக்கம் கிடைக்கிற சூளைக் கல்லே போதுமா, இல்ல ஃபயர் பிரிக் வாங்கியே ஆகணுமா?

குவிமாடத்துக்கு நன்றாக வெந்த சூளைக் கல்லே போதும். சாதாரணச் செங்கல் சூளையில் ஏறத்தாழ 900 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் வரை வெந்து வருகிறது; பீட்சா சுடும் நேரத்தில் கூட அடுப்பின் உட்புறம் 450 அல்லது 500 டிகிரியைத்தான் தொடும். எனவே கல் உருகிவிடுமோ என்ற அச்சம் தேவையில்லை. கல்லைக் கெடுப்பது திடீர்ச் சூடும் திடீர்க் குளிர்ச்சியும்தான். அரைவேக்காட்டுக் கல் அதில் பொடியாக உதிரும். சூளையில் தீ வாய்க்கு அருகே இருந்து கருத்து முறுகிய கல் விரிசல் விடும்.

வாங்கும்போது இரண்டு கற்களை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்ற ஓசை வர வேண்டும், நகத்தால் கீறினால் கோடு விழக் கூடாது, ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் உடையக் கூடாது. ஒரு கல்லை எடைபோட்டு 24 மணி நேரம் நீரில் ஊறவைத்து மீண்டும் எடை பார்த்தால், ஏறிய எடை ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. சூளைக்குச் சூளை அளவு மாறும் என்பதால் எல்லாக் கல்லையும் ஒரே சூளையில், ஒரே லோடில் எடுப்பது நல்லது.

தரைக்கு மட்டும் தீச்செங்கல் (நீங்கள் சொல்லும் ஃபயர் பிரிக்) வாங்கச் சொல்வேன். தீ நேரடியாக அமர்வதும், கரண்டியால் ஓயாமல் சுரண்டுவதும், குளிர்ந்த மாவு வந்து விழுவதும் அங்கேதான். குவிமாடச் சுவரும் தரையின் மேலேயே உட்காருமானால் சுமார் 40 தீச்செங்கல், உள்வட்டத்துக்கு மட்டும் என்றால் 25 போதும். குவிமாடத்துக்கும் வாசல் வளைவுக்கும் உடைசல் சேர்த்து 100 சூளைக் கல் எடுத்துக்கொள்ளலாம்.

எங்க பக்கம் வெட்டுக்கல் சும்மா கிடக்கு. அதுலயே மொத்தமும் கெட்டலாமா?

அடுப்பைத் தாங்கும் மேடைக்கு வெட்டுக்கல் (செம்புரைக் கல்) மிக நல்லது; கல்குளம், விளவங்கோடு பக்கங்களில் கட்டுவோர் மேடையை அதிலேயே கட்டிச் செலவைக் குறைக்கலாம். குவிமாடத்துக்கு அது ஆகாது. வெட்டுக்கல் மண்ணிலிருந்து வெட்டி எடுத்த பச்சைக் கல்; சூளையில் வெந்ததில்லை. அதிலுள்ள இரும்புச் சேர்மங்கள் நீரைப் பிணைத்து வைத்திருக்கின்றன. 300 டிகிரி அளவில் அந்த நீர் பிரிந்து போகும்போது கல்லின் கட்டுறுதியும் தளரும்.

சிமெண்டும் மணலும் போட்டுக் கட்டினா என்ன ஆகும்?

முதல் சில வாரங்கள் ஒன்றும் ஆகாது. அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். சாதாரண சிமெண்ட் இறுகும்போது உண்டாகும் சுண்ணாம்புச் சேர்மம் 400 டிகிரிக்கு மேல் தன் நீரை இழந்து சுட்ட சுண்ணாம்பாக மாறுகிறது. பிறகு காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும்போது இணைப்புகள் பொடிந்து உதிர்கின்றன. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும் நம் மாவட்டத்தில் இது விரைவாகவே நடக்கும்.

கன அளவில் சலித்த மணல் 3 பங்கு, தீக்களிமண் (கடும் சூட்டைத் தாங்கும் களிமண்) 1, நீற்றிய (நீர் விட்டுத் தணித்த) சுண்ணாம்பு 1, சிமெண்ட் 1 என்ற கலவையை வீட்டு அடுப்பு கட்டுவோர் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். சிமெண்ட் அதில் கட்டும் நாட்களில் பிடித்து நிற்பதற்கு மட்டுமே. சூட்டில் அது வலுவிழந்தபின் களிமண்ணும் சுண்ணாம்பும் பொறுப்பேற்கின்றன. தீக்களிமண் பை இரும்பு உருக்குப் பட்டறைகளுக்குப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். அது கிடைக்காதவர்கள் குளத்துக் களிமண்ணைக் காயவைத்து இடித்துச் சலித்துப் பயன்படுத்தலாம். ஆனால் ஒரு சாண் நீளப் பட்டையாக வார்த்து நிழலில் உலர்த்திப் பார்த்து, விரிசல் விழாத வரை மணலைக் கூட்டிக்கொள்ள வேண்டும். மணலில் கால் பங்குக்குப் பதிலாகச் செங்கல் பொடி சேர்த்தால் சுண்ணாம்போடு நன்றாகக் கட்டிப்பிடிக்கும். 1895-இல் கட்டி முடித்த முல்லைப்பெரியாறு அணையில் போட்ட சுர்க்கி என்பது இந்தப் பொடிதான்.

சிப்பிச் சுண்ணாம்பு கிடைத்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். நீற்றாத சுண்ணாம்பை மட்டும் நேரடியாகக் கலவையில் போடக் கூடாது; சுவருக்குள் போனபின் நீர்த்துப் பருத்து இணைப்பைப் பிளக்கும். நீற்றும்போது கண்ணாடியும் கையுறையும் அணிந்துகொள்ளுங்கள்.

வீட்டுக்கிட்ட கடல். அந்த மணலை ரெண்டு தண்ணி அலசிட்டுப் போட்டா போதாதா?

போதாது. உப்பு, கல்லின் நுண்துளைகளில் ஏறி, காயும்போது படிகமாகி மேற்பரப்பைச் செதில் செதிலாக உரிக்கும். எஞ்சிய உப்பு காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொண்டே இருக்கும். அனுமதியின்றிக் கடற்கரை மணலை அள்ளுவது சட்டப்படி குற்றமும் கூட. மணவாளக்குறிச்சிப் பகுதிக் கருமணலில் கதிரியக்கமுள்ள தோரியம் கொண்ட மோனசைட் என்ற கனிமம் கலந்திருப்பதால், சமைக்கும் இடத்தில் அதைச் சேர்ப்பதை நினைத்தும் பார்க்க வேண்டாம். சலித்த எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) போதும்.

சென்டரிங் அடிக்காம குவிமாடம் எப்படி நிக்கும்? கல்லு தலையில விழாதா?

சென்டரிங் என்னும் தாங்கு சட்டம் இதற்குத் தேவையில்லை; குவிமாடம் வளையம் வளையமாக எழுகிறது. ஒரு வளையத்தின் கடைசிக் கல் இறங்கியவுடன், அந்த வளையத்தின் கற்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு உள்ளே சரியாமல் நின்றுவிடும். சரியும் அபாயம் வளையம் முடியும் வரைதான். எனவே ஒரு வளையத்தைத் தொடங்கினால் அதை முடித்துவிட்டே சாப்பிடப் போக வேண்டும்.

வடிவம் பிசகாமல் இருக்க, தரை வட்டத்தின் நடுவில் ஒரு பிளைவுட் துண்டில் கீலை அடித்து, அதில் 45 சென்டிமீட்டர் நீளக் கம்பியைப் பொருத்தி, அதன் நுனியில் கல்லைத் தாங்கும் சிறு இரும்புக் கோணத்தை (எல் வடிவத் துண்டு) பற்றவைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கம்பி எல்லாப் பக்கமும் சுழல வேண்டும், மேலும் கீழும் சாய வேண்டும். வைக்கும் ஒவ்வொரு கல்லின் உள்முகமும் அந்தக் கோணத்தில் வந்து படிந்தால் அரைக்கோளம் தானாகவே அமையும். செங்கல்லைப் பாதியாக வெட்டி, வெட்டிய முகம் வெளியே இருக்குமாறு வைத்தால் சுவர் நாலரை அங்குலப் பருமன் வரும். முதல் வளையத்துக்கு 23 அல்லது 24 அரைக்கல் பிடிக்கும். அதில் வாசலின் அகலத்துக்கு உரியவற்றைக் கழித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வளையத்துக்கு 16, ஏழாவதுக்கு 9 அல்லது 10, எட்டாவதுக்கு 5 அல்லது 6 என்று குறைந்து, உச்சியில் ஒரு கல்லுக்கு இடம் மிஞ்சும். கீழ் வளையத்தின் இணைப்புக்கு மேலேயே அடுத்த வளையத்தின் இணைப்பு வந்துவிடக் கூடாது என்பது எந்தக் கொத்தனாருக்கும் தெரிந்த விதி. ஆனால் கற்களின் எண்ணிக்கை வளையத்துக்கு வளையம் மாறுவதால், அடுத்த வளையத்தைக் கலவை போடாமல் ஒருமுறை அடுக்கிப் பார்ப்பது உதவும்.

கல்லை வைக்கும் முன் நீரில் முக்கி எடுக்க வேண்டும். உலர்ந்த கல் கலவையின் நீரை நொடியில் உறிஞ்சி, பிடிப்பே இல்லாமல் செய்துவிடும். உட்புறத்தில் கற்கள் ஏறக்குறைய முட்டிக்கொள்ளும் அளவுக்கு நெருங்கியிருக்க, வெளிப்புறத்தில்தான் கலவை ஆப்புப் போல அகலமாக இருக்க வேண்டும்.

மேல நாலு வரிசை வரும்போது கல்லு வழுக்கிக்கிட்டே இருக்கு. என்ன செய்ய?

ஆறாம் வளையத்துக்கு மேல் கல் செங்குத்தாகவே சாய்ந்துவிடுவதால் கலவையின் பிடி மட்டும் போதாது. கல்லின் இரு பக்கங்களையும் கட்டிங் மெஷினால் சற்றே சாய்வாகச் சீவி, உள்முகம் குறுகலாகவும் வெளிமுகம் அகலமாகவும் ஆக்கினால், அது உள்ளே நழுவ வழியில்லாமல் பக்கத்துக் கல்லில் மாட்டிக்கொள்ளும். கல் சீவும்போது நீர் ஊற்றுவதும் முகமூடி அணிவதும் கட்டாயம். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு.

இன்னொரு வழியும் உண்டு. ஐந்தாம் வளையம் வரை கம்பியில் கட்டிவிட்டு, உள்ளே ஈர மணலைக் குவித்து, அரைக்கோளமாகத் தட்டி, மேலே நனைத்த செய்தித்தாளை ஒட்டி, அதன்மேல் மீதி வளையங்களை வைக்கலாம். முழு உட்புறத்தையும் நிரப்பினால் ஏறத்தாழ 7 கன அடி மணல் பிடிக்கும். மூன்று நாள் கழித்து வாசல் வழியாக மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து எடுத்துவிடலாம். புதிதாகக் கட்டுபவர்களுக்கு இந்த முறையையே நான் பரிந்துரைக்கிறேன். கடைசிக் கல்லை அளந்து வெட்டி, சிறு மரச்சுத்தியால் மெல்லத் தட்டி இறக்குங்கள். ஓங்கி அடித்தால் கீழ் வளையங்கள் விரியும்.

வாசல் எவ்வளவு உயரம் வைக்கணும்? குனியாம பார்க்கணும்னு அப்பா பெரிசா வைக்கச் சொல்றாங்க.

குனியாமல் பார்க்க வேண்டுமானால் மேடையை உயர்த்துங்கள்; வாசலை உயர்த்தாதீர்கள். வாசலின் உயரம் குவிமாடத்தின் உள்ளுயரத்தில் ஏறத்தாழ 63 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது அனுபவத்தில் நிலைத்த அளவு. 45 சென்டிமீட்டர் உயரக் குவிமாடத்துக்கு அது 28 சென்டிமீட்டர். இதைவிட உயர்ந்தால் சூடு வெளியேறும். மிகவும் தாழ்ந்தால் தீ மூச்சு முட்டும். அகலம் உள்விட்டத்தில் பாதி, அதாவது 45 சென்டிமீட்டர் வரை இருக்கலாம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அருகே தோவாளைப் பக்கம் வசிப்பவர்கள் வாசலை மேற்கு நோக்கி வைக்க வேண்டாம். ஆனி, ஆடிக் காற்று தீயையும் சாம்பலையும் உள்ளேயே திருப்பி அடிக்கும்.

வாசலைச் சுற்றியே முதல் விரிசல் வருவதற்குக் காரணம் இருக்கிறது. குவிமாடத்தின் மேல் வளையங்கள் உள்நோக்கி நெருங்கும் என்று மேலே சொன்னேன். உச்சியிலிருந்து ஏறத்தாழ 52 பாகை வரைதான் அப்படி. அதற்குக் கீழே உள்ள வளையங்கள் வெளிப்புறமாக விரிய முயல்கின்றன. நம் அளவில் அந்த எல்லை தரையிலிருந்து 28 சென்டிமீட்டர் உயரத்தில், சரியாக வாசல் வளைவின் உச்சியில் வருகிறது. விரிய முயலும் அதே வளையங்களைத்தான் வாசலுக்காக நாம் வெட்டித் திறக்கிறோம். ஆகவே வாசல் வளைவைத் தனியே ஒட்டாமல், குவிமாடத்தோடு கல்லுக்குக் கல் பின்னிக் கட்டுங்கள். கீழ் மூன்று வளையங்களுக்கு வெளிப்புறத்தில் கல் துண்டும் கலவையும் கொண்டு தடிமனாக அணை கொடுங்கள். கலவைக்குள் இரும்புக் கம்பியைப் புதைக்க வேண்டாம். சூட்டில் இரும்பு செங்கல்லைப்போல ஏறத்தாழ இருமடங்கு விரியும்.

புகை போக உச்சியில ஒரு ஓட்டை விடலாமா?

கூடாது. உச்சியில் ஓட்டை விட்டால் சூடு முழுவதும் அதன் வழியே போய்விடும். புகைக்குழாய் வாசலுக்கு வெளியே, வளைவின் முன்புறத்தில் அமைய வேண்டும்; 15 சென்டிமீட்டர் விட்டமும் ஒரு மீட்டர் உயரமும் போதும்.

வெர்மிகுலைட், செராமிக் பிளாங்கெட் எல்லாம் விலை ஜாஸ்தி. உமி போட்டா ஆகாதா?

ஆகும், ஆனால் தடிமன் அதிகம் வேண்டும். சூடு வெளியேறாமல் காக்க, குவிமாடத்தின்மேல் 5 சென்டிமீட்டர் செராமிக் கம்பளி (பிளாங்கெட்) செய்யும் வேலைக்கு, களிமண் கரைசலில் பிசைந்த உமியை ஒரு சாண் பருமனுக்குப் பூச வேண்டியிருக்கும். உள்ளே சூடு படும் பகுதியில் உமி எரிந்து நுண்துளைகளாக மாறும். அந்தத் துளைகளில் தங்கும் காற்றே காப்பு. அரிசி ஆலைகளில் கிடைக்கும் உமிச் சாம்பலும் நல்ல காப்புப் பொருள். நாஞ்சில் நாட்டில் அதற்குப் பஞ்சமில்லை. வெர்மிகுலைட் என்ற இலேசான கனிமத் துகளை வாங்க முடிந்தவர்கள் 10 பங்குக்கு 1 பங்கு சிமெண்ட் சேர்த்துப் பூசலாம். கம்பளியைக் கையாளும்போது அதன் இழைத்தூள் மூச்சில் போகாதபடி முகமூடி அணியுங்கள்.

பலர் மேலே மட்டும் போர்த்திவிட்டுத் தரைக்கு அடியில் ஒன்றும் போடாமல் விடுகிறார்கள். மேடையின் கான்கிரீட்டுக்கும் தரைக் கல்லுக்கும் நடுவே குறைந்தது 10 சென்டிமீட்டர் காப்பு இருக்க வேண்டும். காலிக் கண்ணாடிப் பாட்டில்களை நெருக்கமாகப் படுக்கவைத்து, இடைவெளிகளை உமிச் சாம்பலும் களிமண்ணும் கலந்து நிரப்பினால் செலவே இல்லை. என்னைக் கேட்டால், தீச்செங்கல்லில் மிச்சம் பிடித்துக் காப்பிலும் கூரையிலும் பணத்தைப் போடுவேன்.

மொட்டை மாடியில வைக்கலாமா?

பொறியாளரிடம் காட்டாமல் வைக்க வேண்டாம். ஆட்கள் நடமாடும் மாடிக் கூரைக்கு இந்தியத் தரவிதி கணக்கில் கொள்ளும் பாரம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ. இந்த அடுப்பு, அதன் கான்கிரீட் பலகையோடு ஒன்றரை மீட்டர் சதுரத்தில் 1 டன்னைத் தாண்டும். கணக்குப் போட்டால் சதுர மீட்டருக்கு 450 கிலோ.

எந்த மாசத்துல தொடங்கலாம்? கட்டி முடிச்ச அன்னைக்கே பத்தவைக்கலாமா?

தை பிறந்ததும் தொடங்கி மாசிக்குள் முடிப்பது நல்லது. பங்குனி, சித்திரை வெயில் அடுப்பை இலவசமாக உலர்த்திக் கொடுக்கும். கட்டி முடித்த அன்றே பற்றவைக்கக் கூடாது. ஒரு வாரம் ஈரச் சாக்குப் போர்த்தி வையுங்கள், பிறகு இரண்டு வாரம் திறந்து உலர விடுங்கள். கல்லுக்குள் இருக்கும் நீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கு மேல் விரிகிறது; வெளியேற அவகாசம் கொடுக்காவிட்டால் சுவரைப் பிளந்துகொண்டு போகும்.

முதல் நாள் 100 டிகிரிக்கு மிகாமல் சிரட்டையும் சுள்ளியும் போட்டு ஐந்தாறு மணி நேரம் சிறு தீ வையுங்கள். அடுத்தடுத்த நாட்களில் நாளுக்கு 50 டிகிரி வீதம் ஏற்றி, 350 வரை கொண்டு செல்லுங்கள். வெளிப்புறத்தில் ஈரக் கறை தோன்றினால் அன்றைய தீயை அப்படியே நிறுத்திக்கொள்ளுங்கள். காப்புப் பூச்சை இந்தச் சடங்கெல்லாம் முடிந்த பிறகே போட வேண்டும்.

விரிசல் விட்டாச்சு. இடிச்சுட்டுத் திரும்பக் கட்டணுமாக்கும்?

மயிரிழை விரிசல் எல்லா அடுப்பிலும் வரும். சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும் பொருள் எங்காவது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். அடுப்பு குளிர்ந்திருக்கும்போது ஐந்து ரூபாய் நாணயம் நுழையும் அளவு இடைவெளி இருந்தால் மட்டும், பழைய கலவையைச் சுரண்டி எடுத்து, நனைத்து, தீக்களிமண்ணும் மென்மணலும் சேர்த்து அழுத்தி நிரப்புங்கள். ஒரு கல் உள்நோக்கி இறங்கியிருந்தால் மேலே ஏறித் தட்டாமல், அடுப்பை உடனே நிறுத்தி அந்த வளையத்தைப் பிரித்துக் கட்ட வேண்டும்.

ரப்பர் விறகு நல்லா எரியுமா? அண்டித் தோடும் நிறையக் கிடக்கு.

காய்ந்த ரப்பர் விறகு நன்றாக எரியும். வெட்டியதும் பிளந்து, மழைபடாமல் அடுக்கிச் சில மாதங்கள் உலர்த்துங்கள். முழுத்தடியாகப் போட்டுவைத்தால் பூஞ்சையும் வண்டும் விரைவில் பிடிக்கும். மரச்சாமான் பட்டறைக் கழிவு வேண்டாம், ஏனெனில் அதில் பூச்சி மருந்து ஏற்றியிருப்பார்கள். புளியும் சவுக்கும் இன்னும் நீண்ட நேரம் கனல் தரும். கதம்பையும் (தேங்காய் மட்டை) கொதும்பும் (தென்னம்பாளை) மூட்டுவதற்கு மட்டும் போதும். அண்டித் தோட்டில் (முந்திரிக் கொட்டையின் ஓடு) உள்ள எண்ணெய் தோலையும் கண்ணையும் பொசுக்கும் தன்மையது. அதன் புகை உணவில் படக் கூடாது.

மூணு மணி நேரம் எரிச்சும் மேல கருகுது, அடி வேகலை. ஏன்?

இரண்டில் ஒன்றாக இருக்கும். தரைக்கு அடியில் காப்பு இல்லாவிட்டால் சூடு மேடைக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். அதற்குத் தீர்வு தரையைப் பெயர்த்து மேலே சொன்ன காப்பைப் போடுவதுதான். காப்பு இருந்தும் இப்படியென்றால், தீயை நடுத்தரையில் போதிய நேரம் வைக்கவில்லை என்று பொருள். ஒன்றரை மணி நேரம் நடுவில் எரித்து, உட்கூரையில் படிந்த கரி தானாகவே எரிந்து கல்லின் நிறம் தெரிந்த பிறகு கனலை ஓரத்துக்குத் தள்ளி, தரையை ஈரத்துணியால் துடைத்து, கால் மணி நேரம் கழித்துச் சமையுங்கள். பீட்சாவும் வாழையிலை மீனும் முதலில். தீயை வெளியே எடுத்து வாசலை மூடியபின், 230 டிகிரி அளவில் ரொட்டியும் கேக்கும். மரச்சீனிக்கிழங்கை (மரவள்ளி) அதற்கும் பிறகு உள்ளே விட்டுவிடலாம்.

மழைக்காலம் முழுக்கச் சும்மா கிடந்துச்சு. இப்ப அப்படியே மூட்டலாமா?

கூடாது. மழையில் நின்ற அடுப்பு புதிய அடுப்புக்குச் சமம்; உலர்த்தும் தீ பற்றி மேலே சொன்னதை இரண்டு மூன்று நாட்களாகச் சுருக்கிச் செய்யுங்கள். உண்மையில் அடுப்புக்கு மேலே கூரை இருந்தால் இந்தக் கேள்வியே எழாது. ஓலை வேண்டாம், தகரம் அல்லது ஓடு போட்டு, குவிமாடத்துக்கும் கூரைக்கும் இடையே ஒரு மீட்டராவது இடைவெளி விட்டு, புகைக்குழாயைக் கூரைக்கு மேலே கொண்டு செல்லுங்கள். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் தகரம் சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதால் ஓடே மேல். வெளிப்பூச்சு சுண்ணாம்பிலேயே இருக்கட்டும். பிளாஸ்டிக் கலந்த பெயின்ட் அடித்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற முடியாமல் பூச்சைக் கொப்பளிக்க வைக்கும்.

எல்லாம் சரியாக் கட்டியும் புகை முகத்துல அடிக்குதே, அண்ணாச்சி?

தீ பிடித்த முதல் பத்து நிமிடங்களில் புகை முன்னால் வருவது இயல்பு. குழாய் சூடேறியதும் நின்றுவிடும். நிற்காவிட்டால் வாசல் உயரத்தை அளந்து பாருங்கள். 30 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால், இடிக்க வேண்டியதில்லை; வாசலின் உள்விளிம்பில் கால்வாசியாக வெட்டிய கற்களை ஒட்டி வளைவைத் தாழ்த்தலாம், அல்லது ஓர் இரும்புத் தகட்டை மேல்விளிம்பிலிருந்து தொங்கவிட்டுப் புகை நிற்கும் உயரத்தைக் கண்டுபிடித்து, பிறகு அந்த அளவுக்குக் கல் வைக்கலாம். உயரம் சரியாக இருந்தும் புகை வந்தால், குழாயை ஒரு முழம் உயர்த்தி, உச்சியில் மழைமூடி காற்றோட்டத்தை மறிக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் மூடி குழாயின் வாயை ஒட்டி உட்கார்ந்திருக்கும்.